பிரேக்குக்கு ஆகாது

காலை ஆறரைக்கு நன்றிச் சீட்டுகள் விழும்.

நிழலூரில் எல்லா வீட்டு அடுப்பங்கரைச் சுவரிலும், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அதற்கென்று ஒரு பிளவு உண்டு. பல் தேய்த்த ஈரக் கையோடு எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். சீட்டு இருந்தால் வீட்டில் ஒருவர் உரக்கப் படிப்பார்.

"சென்ற வாரம் உணவுக்கூடத்தில் நீங்கள் ஆப்பத்தின் ஓரத்தை முதலில் பிய்த்துத் தின்றுவிட்டு நடுப்பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டீர்கள். அதைப் பார்த்திருந்த ஒருவரின் மூளையில், மூன்றாம் குகைக் காற்றுக்கதவுக்குப் புதிய விளிம்பு வைக்கும் யோசனை தோன்றியது. உங்களுக்கு நன்றி. தட அலுவலகம், நிழலூர்."

அவ்வளவுதான். பரிசு கிடையாது. பதக்கம் கிடையாது. சீட்டைக் கதவில் ஒரு நாள் ஒட்டிவைப்பார்கள். மறுநாள் கிழித்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

நிலவின் தென் துருவத்தில், வெயிலே படாத ஒரு பெரும்பள்ளத்தின் அடியில் அந்த ஊர் இருந்தது. அடியில் பனிக்கட்டியும் வீடுகளும். விளிம்பில் வெயிலும் பட்டறைகளும். நடுவே நான்கு கிலோமீட்டர் சரிவு. அதில் தண்டவாளம் போட்டு ஓடும் ஒரே ஒரு லிஃப்ட். ஏற பதினொரு நிமிடம், இறங்க பதினொரு நிமிடம்.

இசக்கிக்கு முப்பத்தொரு வயது. தட அலுவலகத்தில் வேலை. அவன் வீட்டுப் பிளவில் விழும் சீட்டுகள் அவனுக்கானவை அல்ல. அவன் மனைவி வடிவுக்கு. வடிவு இறந்து பத்து மாதம் ஆகிறது. தலைக்குள் ஒரு ரத்தநாளம் வெடித்தது. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இறந்தவர்களுக்கும் சீட்டு வரும். அவர்களைப் பார்த்தவர்கள் இருக்கும்வரை வரும். வடிவு அந்த லிஃப்டை ஏழு வருடம் ஓட்டினவள். ஊரில் அவளைப் பார்க்காதவர் இல்லை.

"நெம்புகோலைத் தள்ளுமுன் வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொள்வீர்கள். அதிலிருந்து ஒரு குழாய் உறை பிறந்தது. உங்களுக்கு நன்றி."

"லிஃப்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கும்போது, வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கண் கலங்காது என்று சொன்னீர்கள். அதிலிருந்து ஈரத் தூசி முகமூடி பிறந்தது. உங்களுக்கு நன்றி."

அவள் லிஃப்டில் வெங்காயம் உரித்தது இசக்கிக்குத் தெரியாது. உணவுக்கூடத்தில் உரித்தே தருகிறார்கள் என்று நினைத்திருந்தான். சீட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு சீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று தெரிந்தது. சீட்டுகளை அரிசி டப்பாவில் போட்டுவைத்தான். அரிசியைப் பைக்கு மாற்றிவிட்டான்.

அவனுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், உண்டான். காலை ஆறரைக்கு மட்டும் நெஞ்சில் ஒரு சின்ன அசைவு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆறரைவரை போவான்.

இப்போது நாற்பத்தொரு நாளாகச் சீட்டு இல்லை.

*

"நமக்கு மட்டுமில்லல. ஊருக்கே இல்ல," என்றாள் ஆவுடையக்கா. தட அலுவலகத்தின் தலைவி. ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிறவள். "முன்னல்லாம் வாரத்துக்கு இருபது யோசனை பதிவாகும். பத்து மாசமா கொறஞ்சுக்கிட்டே வந்து, இப்போ நாப்பது நாளா ஒண்ணுகூட இல்ல. தடங்காணிய தொடச்சுத் தொடச்சு வச்சே எனக்குக் கை நோவுது."

"எதனால அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? ஆஃபீச மூடிருவோம்னு ஊர்த்தலைவர் சட்டநாதன் சொல்லுதாரு. வர்ற மாசக் கடைசியோட. யோசனையே இல்லாத ஊர்ல தடம் பாக்க ஆள் எதுக்குங்காரு. நியாயந்தான்."

"மூடிட்டா சீட்டு?"

அக்கா அவனைப் பார்த்தாள். கண்ணாடியைத் தேடுவதை நிறுத்தினாள். "வராதுல," என்றாள் மெதுவாக.

தட அலுவலகம் ஒரு கொலையில் பிறந்தது. நாற்பது வருடத்துக்கு முன்பு இரண்டு பொறியாளர்கள் ஒரே யோசனைக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். ஒருவர் மற்றவரைக் காற்றுக்கதவுக்கு வெளியே தள்ளிவிட்டார். வழக்கு வந்தபோது, யோசனை யாருக்கு முதலில் தோன்றியது என்று பார்க்க ஒரு கருவி செய்தார்கள். அது வேறொன்றைக் காட்டியது. செத்தவருக்கும் கொன்றவருக்கும் அந்த யோசனை ஒரே இடத்திலிருந்துதான் வந்திருந்தது: சலவைக்கூடத்தில் ஒரு பெண் போர்வையைப் பிழிந்த விதத்திலிருந்து. அந்தப் பெண்ணுக்கு அன்று ஒரு கடிதம் போனது. அதுதான் முதல் நன்றிச் சீட்டு. பிறகு அது சட்டமானது. யோசனை தோன்றினால் மூன்று நாளுக்குள் பதிய வேண்டும். தடம் பார்க்க வேண்டும். யாரிடமிருந்து வந்ததோ அவருக்கு நன்றி போக வேண்டும்.

அதன் பிறகு நிழலூரில் வாயால் நன்றி சொல்கிற வழக்கம் போய்விட்டது. யாரும் தடுக்கவில்லை. அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

*

அன்று பதினொரு மணிக்குக் கொழுந்து வந்தார். முழுப்பெயர் திருமலைக்கொழுந்து. குழாய் பொருத்துகிறவர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"யோசனை ஒண்ணு வந்துட்டு. பதியணும்லா?"

ஆவுடையக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "வாங்க அண்ணாச்சி, வாங்க! உக்காருங்க. டீ குடிக்கியளா? இசக்கி, ஓடு, தடங்காணிய போடு!"

எல்லோர் மண்டைக்குள்ளும் பட்டாணி அளவில் ஒரு சில்லு உண்டு. யோசனை தோன்றும் கணத்தை அது குறித்துவைக்கும். அந்தக் குறிப்பைப் படிப்பது தடங்காணி. அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்கிறவர்களுக்கு ஆவுடையக்கா இப்படிச் சொல்லித்தருவாள்: மூளைக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். ஒருவன் காவலாளி. நெற்றிக்குப் பின்னால் உட்கார்ந்து, கையிலிருக்கும் வேலையிலேயே கண்ணாக இருப்பான். இன்னொருவன் உலாவி. காவலாளி அயர்ந்தால் இவன் எழுந்துவிடுவான். பழைய நினைவுகள் கிடக்கும் கிடங்குக்குள் போய், எதையாவது எடுத்து எதோடாவது முடிச்சுப்போட்டுப் பார்ப்பான். மூன்றாமவன் மணிக்காரன். ஆயிரம் முடிச்சில் ஒன்று தேறும். அப்போது மணியடித்துக் காவலாளியை எழுப்புவான். மணி அடிக்கும் முன்பு மூளையின் பார்வைப் பகுதி ஒரு கணம் மங்கும், கண்ணை மூடிக்கொள்வதைப் போல. அடுத்து வலது காதுக்கு மேலே ஒரு பொறி. அந்தப் பொறியில் சேர்ந்து எரிந்த நினைவுகள் எவை என்று கண்டுபிடிப்பதுதான் தடம் பார்த்தல்.

கொழுந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

"வலிக்காது அண்ணாச்சி," என்றான் இசக்கி.

"பழக்கம் விட்டுப்போச்சுலா."

திரையில் நினைவுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஒரு குழாய் முனை. பிறகு ஒரு கை. வளையல்கள் முழங்கைவரை ஏறியிருந்தன. ஒரு குரல்: "அண்ணாச்சி, எதுக்கு மொறச்சுக்கிட்டு நிக்கிய? அந்தக் கம்பிய புடிச்சிட்டு சும்மா சாஞ்சு நில்லுங்க. லிஃப்ட நீங்களா ஓட்டுதிய?"

இசக்கி விசையிலிருந்து கையை எடுத்தான். மறுபடி கேட்டான். மறுபடியும் கேட்டான்.

பத்து மாதத்துக்குப் பிறகு அவள் குரல். கொழுந்தின் மூளையில் பழசாகி, கொஞ்சம் கரகரப்பாகி, ஆனால் அவளுடையதுதான். அவள் வரும் தடங்களை இதுவரை அக்காவே பார்த்துவந்தாள். சீட்டில் வார்த்தைதான் வரும். குரல் வராது.

"எங்க நின்னுட்டிருந்தீங்க?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி படிவத்தில் கிடையாது. நாற்பது வருடமாக யாரும் கேட்டதில்லை.

கொழுந்து நெளிந்தார். "அத எழுதணுமா?"

"எழுத வேண்டாம். சும்மா கேட்டேன்."

"லிஃப்ட்லதான். திங்கக்கிழம அலைபெருக்கி செத்துப்போச்சுலா? கண்வில்லைல ஒண்ணும் ஓடல. பதினோரு நிமிசமும் பாக்க ஒண்ணுமில்ல. சும்மாதான் நின்னேன்." குரலைத் தாழ்த்தினார். "யார்ட்டயும் சொல்லிராதிய. சோம்பேறிம்பாங்க."

*

கண்வில்லை என்பது கண்ணுக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய வில்லை. பார்க்கிற காட்சிமேல் செய்தி, விளையாட்டு, பாட்டு, அடுத்தவர் வீட்டுச் சண்டை எல்லாம் ஓடும். நிழலூரில் கண் விழித்ததும் ஓடத் தொடங்கி, கண் மூடும்வரை ஓடும். சாப்பிடும்போதும் ஓடும். குளியலறையிலும் ஓடும்.

ஒரே ஒரு இடத்தில் ஓடாமல் இருந்தது. வடிவின் லிஃப்டில்.

இசக்கி பழைய பதிவுகளை எடுத்தான். ஏழு வருடத்துப் பதிவுகள். தடங்காணி, பொறியில் எரிந்த நினைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இரைச்சல் என்று ஒதுக்கி ஓர் ஓரத்தில் போட்டுவைக்கும். அந்த ஓரத்தை யாரும் திறந்து பார்த்ததில்லை. திறந்தான். காதில் வைத்தான்.

டக்... டக். டக்... டக்.

தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம். அடுத்த பதிவைத் திறந்தான். டக்... டக். அதற்கடுத்தது. டக்... டக். காற்றுக்கதவு விளிம்பு, குழாய் உறை, தூசி முகமூடி, உருளைக்கிழங்குக்கு வெளிச்சம் காட்டும் புது முறை. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த யோசனை ஒவ்வொன்றின் அடியிலும் அந்த டக்... டக் இருந்தது.

ஆப்பத்தின் ஓரத்துக்கு நன்றி போயிருக்கிறது. போர்வை பிழிந்ததற்குப் போயிருக்கிறது. வளையலுக்குப் போயிருக்கிறது. அதையெல்லாம் எடுத்து முடிச்சுப்போட உலாவிக்குக் கிடைத்த பதினொரு நிமிடத்துக்கு ஒரு சீட்டுகூடப் போனதில்லை.

அவனுக்கு ஒன்று நினைவு வந்தது. கல்யாணமான புதிது. ஏன் லிஃப்டில் எல்லோரையும் கண்வில்லையை அணைக்கச் சொல்கிறாய் என்று கேட்டான்.

"பிரேக்குக்கு ஆகாதுல்லா," என்றாள் வடிவு.

"பிரேக் இரும்புக் கட்டை. அதுக்கும் கண்வில்லைக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒரு சம்பந்தமும் கிடையாது. யார்ட்டயும் சொல்லிராதீங்க. ஒரு நாளைக்கு முப்பது தடவ ஏறி இறங்குதேன். எல்லாவனும் பொணம் மாதிரி கண்ண நிலைகுத்தி நிக்கான். எனக்குப் பேச ஆள் வேணும்லா?"

அவள் ஊரின் மூளையைப் பற்றி நினைக்கவில்லை. அவளுக்குப் போரடித்தது. அவ்வளவுதான்.

அவள் போனதும் லிஃப்டைத் தானியங்கி ஆக்கினார்கள். அவள் உட்காரும் முக்காலியை எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். பயணிகள் வசதிக்காக, லிஃப்டிலும் கண்வில்லை தடையில்லாமல் ஓட அலைபெருக்கி மாட்டினார்கள்.

*

இசக்கி ஊர்த் தலைவர் சட்டநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னான், பிரேக் பொய்யைத் தவிர. சட்டநாதன் நல்ல மனிதர். கேட்டு முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"எவ்ளோ பெரிய விசயத்த சொல்லிருக்கிய தம்பி! அப்போ ஜனங்களுக்கு வேண்டியது வெறுமை. அப்படித்தான?"

"ஆமா சார். லிஃப்ட்ல அலைபெருக்கிய கழத்திட்டா போதும்."

"கழத்துததா?" சட்டநாதன் சிரித்தார். "தம்பி, ஜனங்க கைல இருக்கத புடுங்கினா அடுத்த தேர்தல்ல என்னைய புடுங்கிருவாங்க. வேண்டாம். வெறுமைய நாம முறையா கொண்டுபோய்ச் சேப்போம். விட்டுருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பத்து நாளில் 'வெறுமை' வந்தது. கண்வில்லையில் ஓடும் பதினொரு நிமிட நிகழ்ச்சி. வெள்ளைத் திரை. மெல்லிய வீணை. ஒரு பெண் குரல்: "மூச்சை இழுங்கள். விடுங்கள். இப்போது எதையும் யோசிக்காதீர்கள். அருமை! இன்னும் கொஞ்சம் யோசிக்காதீர்கள்." கடைசியில் நூற்றுக்கு எவ்வளவு வெறுமையாக இருந்தீர்கள் என்ற புள்ளி.

ஊரே பைத்தியமானது. லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் 'வெறுமை' போட்டுக்கொண்டார்கள். இறங்கியதும் இதே பேச்சு.

"நான் இன்னைக்கு தொண்ணூத்தொண்ணுவே. நீரு?"

"எனக்கு எண்பத்தாறுதான். நடுவுல மூக்கு அரிச்சுட்டு."

"உம்ம மண்டைல எதுவும் இல்லன்னுல்லா நெனச்சேன். நூறு வாங்கிருக்கணுமே!"

வெறுமையில் முதலிடம் பிடித்தவர் பெயரை வாரா வாரம் அறிவித்தார்கள். 'வெறுமை' பார்க்காதவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்றார்கள்.

அந்த மாதம் பதிவான யோசனைகள்: பூஜ்யம். காவலாளி ஒரு நொடிகூட அயரவில்லை. வெறுமையாக இருக்கிறோமா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

அலுவலகத்தை மூட ஒன்பது நாள் இருந்தது.

*

அன்று மாலை இசக்கி விளிம்பிலிருந்து இறங்கினான். லிஃப்டில் இருபது பேர். எல்லோர் கண்ணும் வெள்ளையாக ஒளிர்ந்தது. அவன் வில்லையை எடுத்துப் பைக்குள் போட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றான்.

டக்... டக்.

எதிரே வெறும் இரும்புச் சுவர். முக்காலி இருந்த இடத்தில் நான்கு திருகுத் துளைகள். மேலே பிரேக் பெட்டி, பச்சைப் பெயிண்ட் உரிந்து. அவள் அதில் ஈரத்துணியைக் காயப்போடுவாள். டக்... டக். சட்டநாதன் சிரித்தது நினைவு வந்தது. போன வருடம் காற்று அபாய மணி அடித்தபோது, அதே சட்டநாதன் ஒற்றைச் செருப்போடு ஓடியது நினைவு வந்தது. வளையல். வெங்காயம். பொணம் மாதிரி நிக்கான். டக்...

மணி அடித்தது. பத்து மாதத்தில் அவன் மண்டைக்குள் அடித்த முதல் மணி.

அறிவு வரும் என்பதற்காகப் பதினொரு நிமிடம் சும்மா இருக்க எவனும் தயாரில்லை. உயிர் போகும் என்றால் எல்லோரும் தயார்.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "எச்சரிக்கை. கண்வில்லை அலை பிரேக்குக்கு ஆகாது. லிஃப்டில் ஏறுமுன் அணைக்கவும்." அடியில் தட அலுவலகத்தின் வட்ட முத்திரை. ஆவுடையக்காதான் குத்தித் தந்தாள். "என் முத்திரை லிஃப்டுக்கு செல்லாதுல," என்றாள். "ஆனா முத்திரை இருந்தா எவன் படிச்சுப் பாப்பான்?"

இசக்கி கிடங்கிலிருந்து முக்காலியைத் தூக்கிவந்து அதே நான்கு துளையில் திருகினான். உட்கார்ந்தான்.

முதல் ஆளாகச் சட்டநாதன் வந்தார். தாளைப் பார்த்தார். "என்ன தம்பி இது? பத்து மாசமா எல்லாரும் வில்லைய போட்டுட்டுத்தான போறோம்? ஒண்ணும் ஆகலியே!"

"பத்து மாசமாத்தான் தேஞ்சிட்டிருக்கு சார்," என்றான் இசக்கி. "இன்னும் எத்தன நாள் தாங்குமோ."

சட்டநாதன் பிரேக் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். வில்லையை அணைத்தார். அணைத்ததோடு நிற்காமல் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த பதினெட்டுப் பேரும் அவரைப் பார்த்துக் கழற்றினார்கள்.

முதல் நிமிடம் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒருவர் விரலில் சொடக்கு எடுத்தார். ஒரு பெண் தன் பையைத் திறந்து, மூடி, திறந்தாள். நான்காம் நிமிடத்தில் கண்கள் சுவரைவிட்டு எங்கோ போயின. எட்டாம் நிமிடத்தில் மூலையிலிருந்து ஒரு குரல், "ஆங்!" என்றது.

எல்லோரும் திரும்பினார்கள். "ஒண்ணுமில்ல," என்றாள் அந்தப் பெண். அவள் முகம் சிவந்திருந்தது. "ஒரு யோசனை."

*

அந்த வாரம் ஆறு. அடுத்த வாரம் பதினேழு. தட அலுவலகத்தின் வாசலில் வரிசை நின்றது. மூடுகிற பேச்சு அதோடு போனது.

சட்டநாதன் ஒரு விழா எடுத்தார். 'வெறுமை' நிகழ்ச்சியால் ஊர் பிழைத்தது என்று பேசினார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். பூமிக்கும் 'வெறுமை' போனது. அங்கே ஏழு கோடிப் பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும்போது, மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது, சாம்பார் கொதிக்கும்போது, பிள்ளை ஏதோ கேட்கும்போது, திரையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று பார்க்கிறார்களாம்.

ஒரு நாள் ஆவுடையக்கா இசக்கியைக் கூப்பிட்டாள். கண்ணாடி மூக்கின்மேல் சரியான இடத்தில் இருந்தது. அபூர்வம்.

"உன் சில்லுல ஒரு பொறி கிடக்கு. போன மாசத்துது. பதியலியே? குற்றம்லா?"

"அது என் யோசனை இல்லக்கா."

"பின்ன யாருது?"

இசக்கி தடங்காணியைப் பார்த்தான். தடம் பார்த்தால் தெரிந்துவிடும். வடிவின் பொய் தெரியும். பொய் என்று தெரிந்த மறுநிமிடம் எல்லோரும் வில்லையை மாட்டிக்கொள்வார்கள். அவளுக்கு வர வேண்டிய பெரிய நன்றி அதுதான். அதை மட்டும் அனுப்ப முடியாது.

அக்காவும் அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தடங்காணியின் மேல் துணியை இழுத்துப் போர்த்தினாள். "உன் சில்ல மட்டும் இதால படிக்க முடியலல," என்றாள். "என்ன கோளாறோ. ரிப்பேருக்கு எழுதிப் போட்டிருக்கேன். வர பத்து வருசம் ஆகும்."

அன்று பிற்பகல் இறங்கும் லிஃப்டில் கொழுந்து மட்டும்தான் இருந்தார். தொப்பியைச் சுருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். இசக்கி முக்காலியில் இருந்தான். டக்... டக்.

சீட்டு அனுப்ப முடியாது. அப்படியென்றால் என்ன செய்வது? நாற்பது வருடத்துக்கு முன்பு மனிதர்கள் என்ன செய்தார்கள்? யோசித்தான். ஏழு வருடம் அவள் சோறு போட்டாள். சட்டையில் பொத்தான் வைத்தாள். முப்பது தடவை ஏறி இறங்கிவிட்டு வந்து அவனிடமும் பேசினாள். ஒரு தடவைகூட அவன் சொன்னதில்லை. அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டான். அவனேதான் அலுவலகம்.

"நன்றி," என்றான். வாய்விட்டு. அந்தச் சொல் அவன் குரலில் கேட்க விநோதமாக இருந்தது.

கொழுந்து திடுக்கிட்டுத் திரும்பினார். "யாருக்கு தம்பி?"

இசக்கி மேலே பார்த்தான்.

"பிரேக்குக்கு."

கொழுந்தும் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஓர் அடக்கம் வந்தது. "நியாயந்தானவே," என்றார். "நாலு கிலோமீட்டரு! இம்புட்டுப் பேரையும் தாங்குதுலா." லிஃப்ட் அடியைத் தொட்டது. கதவு திறந்தது. அவர் எட்டிப் பெட்டியைத் தொட்டார். "நன்றி தாயி," என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கொழுந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அது வழக்கமாகிவிட்டது. பெற்றவளிடமும் கட்டினவளிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் வாயால் நன்றி சொல்லியறியாத ஊர், ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஓர் இரும்புப் பெட்டியைத் தொட்டு நன்றி சொல்கிறது. சட்டநாதன் இரண்டு தடவை சொல்கிறார். யாரோ பெட்டிக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது வாய்.

அவள் முக்காலிக்கு நேர் மேலே இருக்கிறது அந்தப் பெட்டி. அதனால் நன்றியெல்லாம் இசக்கியின் தலையைத் தாண்டித்தான் போகும்.

நேற்றுக் காலை அவன் உணவுக்கூடத்திலிருந்து ஒரு கூடை சின்ன வெங்காயம் வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டான். வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினான். மூன்றாவது வெங்காயத்திலேயே கண் எரிந்தது. ஐந்தாவதில் கன்னம் நனைந்து, கழுத்து நனைந்து, சட்டை நனைந்தது. நிற்கவில்லை. மனிதர்கள் ஒவ்வொருவராக அவன் தலைக்கு மேலே கையை நீட்டி, நன்றி, நன்றி என்று சொல்லி இறங்கினார்கள். வாயில் தண்ணீர் இருந்ததால் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வெங்காயத்தைப் பற்றி அவள் சொன்னதும் பொய்தான். ஆனால் அதிலிருந்து பிறந்த முகமூடி இன்றுவரை நன்றாகத்தான் வேலை செய்கிறது.